கோத்த நீரும் காலை எடையும்: இதயச் செயலிழப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இதயச் செயலிழப்பைப் பற்றி, அதாவது இதயம் வலுவிழந்து உடலுக்குத் தேவையான இரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும் நிலையைப் பற்றி, முன்பு இப்பகுதியில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: உடலில் கோத்துக்கொள்ளும் நீர். எனவே இம்முறை அதைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 62 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 30 சதவீதம்தான் என்றார்கள். சென்ற மாதம் கால்கள் வீங்கி, மூச்சு வாங்கியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து நாட்கள் ஊசி போட்டதில் எடை 71 கிலோவிலிருந்து 64 கிலோவாகக் குறைந்தது. அவர் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கவே இல்லை. இந்த 7 கிலோ நீர் எங்கிருந்து வந்தது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, அந்த நீர் அவர் கூடுதலாகக் குடித்ததால் சேரவில்லை, அன்றாடம் வெளியேறியிருக்க வேண்டியது வெளியேறாமல் தங்கியதால் சேர்ந்தது. இதயம் வலுவிழக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு இதயத்தின் நிலை தெரியாது. தனக்கு வரும் இரத்தம் குறைந்திருப்பதை மட்டுமே உணரும் அது, கடும் வயிற்றுப்போக்கிலோ இரத்தப்போக்கிலோ உடல் வற்றிப்போனால் என்ன செய்யுமோ அதையே இப்போதும் செய்கிறது: ரெனின் என்ற பொருளைச் சுரந்து, அதன் வழியாக ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பெருகவைத்து, சிறுநீரில் போகவேண்டிய உப்பை மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. உப்பு தங்கும் இடத்தில் நீரும் தங்கும். ஒரு நாளைக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மி.லி. நீர் இப்படித் தங்கினாலே ஐந்து வாரங்களில் 7 லிட்டர் சேர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதால், எடை பார்க்கும் கருவியில் அது அப்படியே 7 கிலோவாகத் தெரியும்.

தங்கிய நீர் இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை ஏற்றி, மெல்லக் கசிந்து திசுக்களில் இறங்குகிறது. நடமாடுபவர்களுக்குக் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் சேரும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு இடுப்பின் பின்புறத்தில் சேர்வதால், காலை மட்டும் பார்த்துவிட்டு வீக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கெண்டைக்காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து வினாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். பிசைந்த மாவில் விரல் பதிந்ததைப் போல அந்தக் குழி நிறைய சற்று நேரம் பிடித்தால் அங்கே நீர் இருக்கிறது. இரவில் படுத்ததும் காலில் இருந்த நீரின் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்தில் கலந்து நுரையீரலை நோக்கி வருகிறது. இரண்டு, மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது என்பதும், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தால்தான் சற்று அடங்குகிறது என்பதும் இதனால்தான். பல குடும்பங்கள் இதை வாயுக்கோளாறு என்று எண்ணி ஒரு வாரத்தை வீணாக்கிவிடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கேள்வி: என் தந்தைக்கு நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு முதுகில் ஊசி போட்டு ஒரு லிட்டர் நீரை எடுத்தார்கள். என் தந்தைக்கு மட்டும் ஏன் அப்படி எடுக்கவில்லை? (வாசகர், தேனி)

பதில்: ‘நுரையீரலில் நீர்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு நிலைகளைக் குறித்துவிடுகிறோம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நீர் நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே ஒரு பையில் தேங்கியதைப் போல இருந்திருக்கும். அதை ஊசியால் உறிஞ்ச முடியும். உங்கள் தந்தைக்கு அது நுரையீரலின் திசுவுக்குள்ளும் காற்றறைகளுக்குள்ளும் ஈரத் துணியில் ஊறியதைப் போல ஊறியிருக்கிறது. ஊசியால் குத்தி எடுக்க அங்கே தேங்கிய நீர் என்று ஒன்றும் இல்லை. இரத்தத்தில் இருக்கும் உபரி நீரைச் சிறுநீராக வெளியேற்றினால், குழாய்களில் அழுத்தம் தணிந்து, திசுக்களில் ஊறிய நீர் தானாகவே இரத்தத்துக்குத் திரும்பும்.

நேரடியாக வடிக்கும் முயற்சி செய்யப்படாததல்ல. 19ஆம் நூற்றாண்டில் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ரெஜினால்ட் சவுதி, வீங்கிய கால்களின் தோலுக்கடியில் சிறு குழாய்களைச் செருகி நீரை வடியவிடும் முறையைக் கொண்டுவந்தார். நீர் வடிந்தது, ஆனால் துளையிட்ட இடம் சீழ்பிடிக்கும் ஆபத்தும் கூடவே வந்தது. 1919இல் வியன்னாவில் சிபிலிஸ் நோய்க்காகப் பாதரச மருந்து ஊசி போடப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குச் சிறுநீர் பெருமளவில் பெருகியதை, ஆல்ஃபிரெட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர் கவனித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் பாதரசமே இதய நோயாளிகளின் நீரிறக்கும் மருந்தாக இருந்தது. நாம் இன்று ‘லேசிக்ஸ்’ என்று அறிந்துள்ள ஃபியூரோசமைடு 1960களில்தான் வந்தது.

கேள்வி: வீட்டில் ஃபியூரோசமைடு 40 மி.கி. மாத்திரையை இரண்டு வேளை போட்டும் என் தாயாருக்குச் சிறுநீர் போகவில்லை. மருத்துவமனையில் அதே மருந்தை ஊசியாகப் போட்ட அரை மணி நேரத்தில் சிறுநீர் பெருகியது. நாங்கள் வாங்கிய மாத்திரை போலியாக இருக்குமோ? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நீர் கோத்திருக்கும்போது குடலின் சுவரும் வீங்கியிருக்கிறது. விழுங்கிய மருந்து இரத்தத்தில் சேர்வது தாமதமாகிறது. ஃபியூரோசமைடு மாத்திரை சராசரியாகப் பாதி அளவே இரத்தத்தை அடைகிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள் 10 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை மாறுபடும். ஊசியில் இந்தத் தடை இல்லை. அதனால்தான் 40 மி.கி. மாத்திரைக்கு 20 மி.கி. ஊசி ஈடு என்று கணக்கிடுகிறோம்.

இம்மருந்தின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. இரத்தத்தில் அது ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகத்தில் வேலை செய்யும். அந்த அளவைத் தொடாத மாத்திரையை நாளுக்கு நான்கு முறை போட்டாலும் பலன் இருக்காது. ஒருவருக்கு 40 மி.கி. பலிக்கவில்லை என்றால், அதே 40 மி.கி.யை இன்னொரு வேளை சேர்ப்பதைவிட, ஒரே வேளையில் 80 மி.கி.யாக உயர்த்துவதே பயன் தரும். இதை நீங்களாகச் செய்துகொள்ள வேண்டாம்; மருத்துவர் ஏன் அளவை இரட்டிப்பாக்கினார் என்று திகைக்காமல் இருப்பதற்காகவே சொல்கிறேன்.

ஊசி போட்ட பிறகு அது வேலை செய்கிறதா என்பதை மறுநாள் காலை வரை காத்திருந்து பார்க்கும் பழக்கம் இப்போது மாறிவருகிறது. முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி. சிறுநீராவது வர வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லி ஈக்விவலன்ட் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் அன்றே அளவைக் கூட்டுகிறோம். செவிலியர் அளவுக்குவளையைக் கொடுத்து ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். தயவுசெய்து ஒரு முறைகூடக் கணக்கில் வராமல் கழிவறையில் போகவிட்டுவிடாதீர்கள்.

ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடுவதா, பம்ப் வைத்து நாள் முழுவதும் செலுத்துவதா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2011இல் 308 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ‘எங்களுக்கு ஏன் பம்ப் வைக்கவில்லை’ என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அதிக அளவு மருந்தை ஒரே மூச்சில் வேகமாக ஏற்றினால் காதில் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் ஏற்படலாம் என்பதால், செவிலியர் மெதுவாகச் செலுத்தும்போது அவசரப்படுத்தாதீர்கள்.

இதற்கும் பலன் இல்லை என்றால், சிறுநீரகத்தின் வேறு பகுதிகளில் வேலை செய்யும் இரண்டாவது மருந்தைச் சேர்க்கிறோம். பெல்ஜியத்தில் 519 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஊசியோடு அசிட்டசோலமைடு சேர்க்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினருக்கு மூன்று நாட்களுக்குள் நீர்க்கோவை நீங்கியது. சேர்க்கப்படாதவர்களில் இது 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மருந்தைச் சேர்த்தும் பாதிப் பேருக்கு மேல் மூன்று நாளில் முழுமையாக வடியவில்லை என்பதையும் இந்த எண்களிலிருந்து கவனிக்க வேண்டும். ‘மூச்சு சரியாகிவிட்டது, டிஸ்சார்ஜ் செய்யுங்கள்’ என்று இரண்டாம் நாளே வற்புறுத்தும் குடும்பத்தாரிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். மூச்சு முதலில் சரியாகும். நீர் அதற்குப் பிறகும் இருக்கும். மீதி நீரோடு வீட்டுக்குப் போனவர் சில வாரங்களில் திரும்பி வருவது எங்கள் வார்டில் அன்றாடக் காட்சி.

கேள்வி: டயாலிசிஸ் போல இயந்திரத்தில் இரத்தத்தை வடிகட்டி நீரை ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த முறை உண்டு, அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் நல்ல நம்பிக்கை தந்தது. ஆனால் சிறுநீரகம் நலிந்துவந்த 188 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், படிப்படியாக மருந்தைக் கூட்டிய முறையிலும் இயந்திர முறையிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவே குறைந்தது. இயந்திரத்தில் வடிகட்டியவர்களுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்; இரத்தத்தில் இது ஏறினால் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கலாம்) ஏறியது, பக்கவிளைவுகளும் கூடுதலாக இருந்தன. ஆகவே எந்த மருந்துக்கும் மசியாதவர்களுக்கு மட்டுமே இதைக் கையில் எடுக்கிறோம். செலவும் அதிகம்.

கேள்வி: மருத்துவமனையில் நீர் எடுக்க எடுக்க, கிரியாட்டினின் 1.1லிருந்து 1.5 ஆகிவிட்டது. உறவினர்கள் நீர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், நிறுத்துங்கள் என்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: இந்தப் பயம் இயல்பானது. ஆனால் அந்த எண்ணை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது. வீக்கம் வடிகிறதா, மூச்சு சீராகிறதா, சிறுநீர் நன்றாகப் போகிறதா என்பவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இவை மூன்றும் நல்லபடியாக இருக்கும்போது கிரியாட்டினின் சற்று ஏறுவது பெரும்பாலும் தற்காலிகமானது. நீர் கோத்த நிலையில் சிறுநீரகத்தின் நரம்புகளிலும், அதாவது அசுத்த இரத்தம் திரும்பும் சிரைகளிலும், அழுத்தம் ஏறி அது திணறிக்கொண்டிருக்கிறது. பலருக்கு நீரை எடுத்த பிறகே சிறுநீரகம் தெளிவடைகிறது. மாறாக வீக்கம் முழுவதும் வடிந்து, நாக்கு உலர்ந்து, எழுந்து நின்றால் தலைசுற்றி, இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும்போது கிரியாட்டினின் ஏறினால், நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்டோம் என்று பொருள். அப்போது மாத்திரையைக் குறைக்கத்தான் வேண்டும். இவ்விரண்டில் எது என்பதை உறவினர் சொல்ல முடியாது. உங்கள் மருத்துவர் கழுத்து நரம்பின் ஏற்றத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்து சொல்வார்.

கேள்வி: எனக்கு வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது. நன்றாக நடக்கிறேன். நீர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படவைப்பது இந்தக் கேள்விதான். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்; கேட்காமலேயே நிறுத்துபவர்கள் பலர். வீக்கம் வடிந்தது மாத்திரையால். உப்பைப் பிடித்து வைக்கும் சிறுநீரகத்தின் போக்கு இன்னும் மாறவில்லை. சிலருக்குப் பின்னாளில் அளவைக் குறைக்கவும், சிலருக்கு நிறுத்தவும் முடிகிறது. ஆனால் அது மற்ற மருந்துகள் முழு அளவுக்கு வந்து, எடை பல வாரங்கள் நிலையாக நின்ற பிறகு மருத்துவர் எடுக்கும் முடிவு.

அந்த மற்ற மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபியூரோசமைடும், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு நீர் மாத்திரையான டார்செமைடும் மூச்சிரைப்பையும் வீக்கத்தையும் தணிக்கின்றன. ஆயுளை நீட்டுகின்றன என்பதற்குச் சான்று இல்லை. டார்செமைடு குடலில் சீராகச் சேர்வதால் மேலானதாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் 2,859 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில் உயிரிழப்பில் வேறுபாடு இல்லை. பம்பிங் குறைந்தவர்களின் ஆயுளை நீட்டுபவை வேறு நான்கு வகை மருந்துகள். அவற்றில் ஒன்றான ஸ்பைரோனோலாக்டோன், 1,663 பேரிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடையே உயிரிழப்பை 30 சதவீதம் குறைத்தது. சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன்படுகின்றன. ஓரளவு நீரையும் இறக்குகின்றன. ‘எனக்குச் சர்க்கரையே இல்லை, ஏன் இந்த மாத்திரை’ என்று அதை ஒதுக்கிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்காதீர்கள்.

இனி எடையைப் பற்றி. வீக்கம் முழுவதும் வடிந்து, தட்டையாகப் படுத்து நிம்மதியாக மூச்சுவிட முடிகிற நாளில் உங்கள் எடை என்னவோ அதுவே உங்கள் உலர் எடை. அதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக் கருவியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளுக்கு இடையே ஒரு கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம். பிறகு தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காபி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரியான மெல்லிய உடையில், சமதளமான தரையில் வைத்த கருவியில் எடை பாருங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்குள் சில லிட்டர் நீர் சேர்ந்துவிட்டிருக்கும்.

என்னிடம் வரும் முதியவர் ஒருவர் சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய எடையை எழுதி, ரப்பர் போட்டுக் கட்டி எடுத்து வருவார். ஒருமுறை அந்தக் கட்டைப் புரட்டியபோது 58.2, 58.4, 59.1, 60.3 என்று ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. காலில் வீக்கமே இல்லை, அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. விசாரித்ததில், மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி நான்கு நாட்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தங்கவைத்து, நீர் மாத்திரையின் வேலையையும் தடுக்கும். அதை நிறுத்தி, இரண்டு நாட்களுக்கு மட்டும் நீர் மாத்திரையைச் சற்றுக் கூட்டியதில், படுக்கையில் சேர்க்காமலேயே எடை இறங்கியது.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? இளநீர் நல்லதா? இந்துப்புக்கு மாறலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நீர் கோத்து மருத்துவமனையில் இருக்கும்போதும், இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும்போதும் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம். நிலை சீராகி வீட்டில் இருப்பவர்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு வாட வேண்டிய அவசியம் இல்லை என்றே இப்போது தெரிகிறது. நெதர்லாந்தில் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், ஒன்றரை லிட்டருக்குள் கட்டுப்படுத்தியவர்களும் தாகத்துக்கு ஏற்பக் குடித்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். கட்டுப்படுத்தியவர்களுக்குத் தாகத்தின் வருத்தம் மட்டும் கூடுதலாக இருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வேலை பார்ப்பவருக்கும் குளிர்நாட்டில் வீட்டுக்குள் இருப்பவருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

உப்பை அறவே விட வேண்டாம். சோடியத்தை நாளுக்கு 1,500 மி.கி.க்குக் கீழே கொண்டுவர முயன்ற 2022ஆம் ஆண்டின் ஆய்வில் உயிரிழப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. உப்பில்லாமல் சாப்பிட முடியாமல் உணவையே குறைத்து உடல் மெலிந்துபோவது அதைவிடக் கெடுதல். வீட்டுச் சமையலில் மிதமான உப்பு இருக்கட்டும்; ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் மிக்சர் ஆகியவற்றை விட்டாலே பெரும்பகுதி குறைந்துவிடும். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் பலவற்றிலும் சோடியம் நிறைய உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். இதனால் இதயத்துக்கு லாபம் இல்லை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் சிறுநீரகம் நலிந்தவர்களும் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் மிகையானால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்த பிறகே இளநீருக்கு நான் ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வேன்.

கேள்வி: மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கிறது. திருமணம், விசேஷம் என்று பேருந்தில் போகும் நாட்களில் போடாமல் விட்டுவிடுகிறேன். வழியில் பெண்களுக்குக் கழிவறை வசதி எங்கே இருக்கிறது? இது தவறா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: உங்கள் சங்கடம் முழுக்க நியாயமானது, மாத்திரையை விடும் பெண்களில் பலர் இந்தக் காரணத்துக்காகவே விடுகிறார்கள், மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். விடுவதற்குப் பதிலாக நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஃபியூரோசமைடு மாத்திரையின் வேகம் முதல் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து, ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். காலை 10 மணிக்குப் பேருந்து என்றால் விடியற்காலை 5 மணிக்கே போட்டுவிடலாம். அதுவும் முடியாவிட்டால், போய்ச் சேர்ந்த பிறகு மதியம் போட்டுக்கொள்ளலாம். மாலை 4 மணிக்குப் பிறகு போட்டால் இரவுத் தூக்கம் கெடும், இருட்டில் எழுந்து நடந்து விழுகிற ஆபத்தும் உண்டு. விருந்துச் சாப்பாட்டில் உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையில் எடை பார்ப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். வாந்தியோ பேதியோ வந்து உடலில் நீர் குறையும் நாட்களில்தான் நீர் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அப்போதும் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.